வெறும் பாத்திரம்

ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் தம்பி. மாவுக்கட்டு உங்கள் விலாவில் இடித்துவிடும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் உயிர் போகும். மதுரைக்கா? நல்லதாகப் போயிற்று. நானும் அங்கேதான். எலும்பு டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு, மடியில் இருக்கிற இந்தப் பெட்டியை ஒரு கல்யாண மண்டபத்துக்காரரிடம் சேர்க்க வேண்டும்.

ஏறினதிலிருந்து என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். கேட்கக் கூச்சம். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடலாம், ஆனால் ராஜபாளையம் தாண்டுகிற வரைக்கும் பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? உண்மையையே சொல்கிறேன். என்னை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் அடித்தது. நான் எழுதின புரோகிராம். அடி என்றால் அப்படி ஒரு அடி.

என் பெயர் தங்கப்பழம். ஊர் புளியங்குடி. ஸ்பின்னிங் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். ஃபோர்ட்ரான் என்று ஒரு பாஷை உண்டு, கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். நான் ஃபோர்ட்ரானில் எழுதிவிட்டால் கரண்டு போனாலும் நூல் சுற்றுகிற கதிர் நிற்காது, தானாகச் சுற்றும். வெள்ளைக்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, பயந்துபோய் அன்று சாயங்காலமே ஊருக்கு டிக்கெட் எடுத்தான். நம்பாவிட்டால் போங்கள்.

எங்கள் ஊரில் எலுமிச்சைதான் எல்லாம். விலை ஏறினால் திருட்டும் ஏறும். போன வெயிலில் ஒரு பழம் விற்ற விலைக்கு, தோப்புக்குள் நுழையாத ஆள் கிடையாது. எலுமிச்சைச் சங்கத்துக்காரர்கள் தோப்புக் காவலுக்குச் சுடலை என்று ஒருவனை வைத்தார்கள், கூட நாலைந்து தடியன்கள். சுடலையிடம் ஒரு கருங்காலித் தடி. ஆம்பளை பொம்பளை பார்க்கமாட்டான். பழம் பறிக்க வந்த ஒரு பொம்பளை முந்தியில் கொஞ்சம் முடிந்துகொண்டாள் என்று முட்டிக்காலைத் தட்டிவிட்டான். அவள் இன்னும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். ஆனால் தடிக்குக் கண் கிடையாதே. யாரை அடிப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்குத்தான் கழுகு வந்தது.

கழுகு என்பது பட்சி இல்லை. இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிற எஸ்தர் என்கிற பெண் எழுதின லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்கிற ஒரு புரோகிராம். முகத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டால், அப்புறம் கேமராவில் யார் வந்தாலும் இன்னார் என்று சொல்லும். கெட்டிக்காரப் பெண், ஆனால் அதை சி-பிளஸ்-பிளஸ் என்கிற வேறு பாஷையில் எழுதித் தொலைத்துவிட்டாள். தோப்பு ஒலிபெருக்கியில் பெயர் சொல்லுகிற என் கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தெரிந்ததோ ஃபோர்ட்ரான். இவன் சொல்வது அவனுக்குப் புரியாது, அவன் கேட்பது இவனுக்கு எட்டாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிச் சேர்த்து வைக்கிற தரகன் ஒருவன் வேண்டும். அந்தத் தரகனுக்குப் பெயர் பைண்டிங். அதை எழுதினவன் நான்.

சும்மா இல்லை தம்பி. சி-பிளஸ்-பிளஸ் படத்தை வரிசை வரிசையாக அடுக்கி வைக்கும். ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாகப் படிக்கும். முதல் தடவை ஓட்டினபோது எல்லா முகமும் படுத்துக் கிடந்தது, வலம் இடமாகவும் போயிற்று. வேறு ஒருத்தன் என்றால் இந்த வரியைத் திருத்து, அந்த வரியைத் திருத்து என்று மாசக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். நான் கேமராவைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கட்டினேன். எதிரே முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டு, அதைப் பார்க்க வைத்தேன். எல்லா முகமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. எஸ்தர் வந்து பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிரமிப்பு.

அப்புறம் பாத்திர விவகாரம். கழுகு ஆளை அடையாளம் கண்டால் அவன் நம்பரை ஒரு பாத்திரத்தில் போட்டு நீட்டும். பைண்டிங் அதை வாங்கி என் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். அடையாளம் தெரியவில்லை என்றால், ஒரு மாடோ பன்றியோ வந்தால், வெறும் பாத்திரத்தை நீட்டும். நீங்களே சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்துவிட்டால் உங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமையாகவா திருப்பித் தருவீர்கள்? துளி சீனியாவது போட்டுத்தானே தருவோம்? எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அதனால் வெறும் பாத்திரம் வந்தால் என் பைண்டிங் ஒரு பூஜ்யத்தைப் போட்டுக் கொடுக்கும். பூஜ்யம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்? மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று.

எஸ்தர் அன்றைக்கே போனில் கேட்டாள்.

“ஐயா, யாரையும் தெரியலன்னா உங்க பைண்டிங் என்ன திருப்பித் தருது?”

“பூஜ்யம்மா.”

“ஐயா, கழுகு ஆளுங்களுக்குப் பூஜ்யத்துல இருந்துதான் நம்பர் போடும். பூஜ்யம்னா முதல் ஆளு. யாரும் இல்லன்னா மைனஸ் ஒண்ணு தரணும்.”

மைனஸ் ஒன்று. கேட்டீர்களா? சபையில் ஒருத்தரும் இல்லை என்றால் சும்மா இல்லை என்று சொல்வதா, ஒரு ஆள் குறைச்சல் என்று சொல்வதா? சின்னப் பெண், குடும்பம் நடத்தின அனுபவம் கிடையாது. சரிம்மா, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த முதல் ஆள் யார் தெரியுமா? என் சம்பந்தி வைகுண்டமணி. என் மகள் பொன்செல்வியைக் கட்டின மாப்பிள்ளைக்கு அப்பா. பேரனுக்குப் பேர் வைத்த அன்றைக்கு விருந்துக்கு வந்தார். அன்றுதான் முகம் பழக்க ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார், அதனால் முதல் படம் அவர். அடுத்தது நான். எனக்கடுத்து மகள், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் சங்கத்துக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும். சம்பந்திக்கு நம்பர் பூஜ்யம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவருக்குக் கோபம்.

கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. அவர் மின்சார ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். செல்போனில் பார்த்துப் பார்த்து, பைத்தான் என்று மலைப்பாம்புப் பெயர் வைத்த பாஷையைப் படித்து, அவரும் கழுகுக்கு ஒரு பைண்டிங் எழுதிவிட்டார். ஒரே தோப்பு, ஒரே ஒலிபெருக்கி, இரண்டு பைண்டிங். யாருடையதை வைப்பது என்று சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி சொல்கிறார்:

“என்ன வே தங்கப்பழம், செத்துப்போன பாஷைக்குப் பைண்டிங் எழுதிருக்கீராமே. பொணத்துக்குப் பவுடர் பூசுற வேலையா?”

நான் நிதானமாகத்தான் சொன்னேன். “சம்பந்தி, உம்ம பைத்தான் நகர்ந்து வந்து ஆளைச் சொல்லுறதுக்குள்ள, திருடன் பழத்தைப் பறிச்சு ஊறுகாய் போட்டு வித்துருவான் வே.”

சபையே சிரித்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி என் மண்டையில் போட்டார். மைக் அணைக்கவில்லை. என் மண்டை அதிர்ந்த சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது, ஊரே இடி இடித்ததாக நினைத்துத் துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடியது. நான் கையில் அகப்பட்ட சுண்டல் அண்டாவை அவர் முகத்தில் கவிழ்த்தேன். கொதிக்கக் கொதிக்கச் சுண்டல். தரையில் புரண்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து காதைக் கடித்தேன். காது மடல் ஒரு துண்டு என் வாயோடு வந்தது. துப்பினேன் என்று சிலர் சொல்கிறார்கள், விழுங்கிவிட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கே ஞாபகம் இல்லை, வாயில் சுண்டல் வேறு இருந்தது.

அவரைத் தையல் போடத் தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கத்துக்காரர்கள் யார் எழுந்து நிற்கிறார் என்று பார்த்தார்கள், என்னுடையதை வைத்தார்கள். மகள் வந்து அழுதாள். “அப்பா, நான் அந்த வீட்டுலதான் வாழணும்ப்பா, மறந்துராதீங்க” என்றாள். காது வளர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒலிபெருக்கியில் வருகிற குரல் என்னுடையது. நானே பேசிப் பதிந்தது. “தோப்பில் நிற்பவர் இன்னார், தோப்பில் நிற்பவர் இன்னார்” என்று கணீரென்று வரும். சங்கத்துக்காரன் பெயர் வந்தால் சுடலை கும்பிட்டு விட்டுவிடுவான். வேறு பெயர் வந்தால் தடி.

முதல் நாள், நடு மத்தியானம். கணீரென்று என் குரல்: “தோப்பில் நிற்பவர் வைகுண்டமணி.” எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுடலையும் தடியன்களும் ஓடினார்கள். தோப்பில் ஆள் இல்லை. புல் அசைந்ததாம், சேற்றில் பன்றிக் குளம்பு பதிந்திருந்ததாம். அதற்குள் ஓடிவிட்டார் பாருங்கள், என்ன வேகம். நேரே அவர் வீட்டுக்குப் போனார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் சாதம். சோற்றுக் கையோடு இழுத்துத் தெருவில் போட்டு அடித்தார்கள். வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தார், தடி வாயிலேயே விழுந்தது. முன்பல் இரண்டும் வாசல் கோலத்தில் கிடந்தன. திருட்டுப் பழம் எங்கே என்று வீட்டைக் கலைத்துப் பார்த்தார்கள். ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. எலுமிச்சை ஊறுகாய். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது தடவை அவர் சலூனில் இருந்தார் என்கிறார்கள். பாதி முகம் நுரை. “தோப்பில் நிற்பவர் வைகுண்டமணி” என்று என் குரல் வருகிறது. சலூன்காரன் கதவை மறித்துக்கொண்டு, “அண்ணாச்சி இங்கதாம்யா காலையில இருந்து இருக்காரு, கையில கத்தியோட நான் சத்தியம் பண்ணுறேன்” என்றானாம். சுடலை, “மெஷின் சொல்லுது, நீ யாருல?” என்று அவனையும் சேர்த்துச் சாத்தினான். கண்ணாடி உடைந்தது. நாற்காலி உடைந்தது. சம்பந்தியின் கால் மட்டும் முதலில் உடையவில்லை, இரண்டாவது அடியில்தான் உடைந்தது. சலூன் தோப்பிலிருந்து அரை மைல். பாதிச் சவரத்தில் எழுந்து போய்த் திருடிவிட்டு, நுரை காய்வதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் எப்பேர்ப்பட்ட எத்தன்! நான் அவரைக் குறைவாக நினைத்துவிட்டேன்.

நீங்கள் என்ன சிரிக்கிறீர்கள்? முழுதாகக் கேளுங்கள்.

மூன்றாவதுதான் உச்சம். பெரிய ஆஸ்பத்திரியில் காலைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் போட்டிருந்தார்கள் அவரை. நானே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என்ன இருந்தாலும் சம்பந்தி. பல் இல்லாத வாயால், “பெட்டியைக் கழட்டும் வே, கை எடுத்துக் கும்பிடுதேன்” என்றார். குற்றவாளி பேசுகிற பேச்சு அது. வெளியே வந்து பஸ் ஏறினால் ஊரிலிருந்து போன்: தோப்பில் நிற்பவர் வைகுண்டமணி! நான் திரும்பிப் பார்த்துவிட்டு வருவதற்குள், கட்டோடும் கயிறோடும், நொண்டிக்கொண்டு எனக்கு முந்திப் போயிருக்கிறார். சுடலை வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். வார்டில் நர்சுகள் அலற, படுக்கையில் வைத்தே மற்றக் காலையும் முடித்தான். இனி வரமாட்டார் என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

ஆனால் மாப்பிள்ளை அரிவாளை எடுத்துவிட்டான். என் வீட்டு வாசலில் வந்து நின்று கதவைக் கொத்தினான், ஜன்னலைக் கொத்தினான், முருங்கை மரத்தை வெட்டிச் சாய்த்தான். நான் அரிசி டிரம்முக்குள் இருந்தேன். பயமில்லை, ஒரு யோசனைக்காக இருந்தேன். போகும்போது மகளையும் பிள்ளையையும் வாசலில் விட்டுவிட்டு, “உங்க அப்பா அந்தப் பெட்டியைக் கழட்டுற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் வராத” என்று சொல்லிவிட்டுப் போனான். என் வீட்டுக் கொல்லைக்கும் தோப்புக்கும் நடுவில் வேலிதான். என் வீட்டில்தான் இப்போது இருக்கிறாள். காலையும் மாலையும் ஒரே பாட்டு: “அப்பா, கழட்டிருங்கப்பா. என் வாழ்க்கை போயிரும்ப்பா.”

கழட்டினால் என் பைண்டிங் தப்பு என்று ஆகிவிடாதா? அதை அவள் யோசிக்கவில்லை.

எஸ்தர் வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது, என்ன கஷ்டமோ. “ஐயா, அது பன்னி. பன்னி வந்தாலும் பூனை வந்தாலும் கழுகு வெறுமனே விடுது, நீங்க பூஜ்யத்தப் போடுறீங்க, பூஜ்யம் அவரு. ஒரே ஒரு வரி, நான் மாத்தித் தரேன்” என்றாள்.

“ஏம்மா, பன்னி மூஞ்சிக்கும் சம்பந்தி மூஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாமயா நான் எழுதிருப்பேன்?” என்றேன். பொன்செல்வி உள்ளே இருந்து சிரித்தது போலவும் இருந்தது, அழுதது போலவும் இருந்தது.

கையை வைக்க விடமாட்டேன் என்று கீபோர்டின் மேல் படுத்துவிட்டேன். அவள் என்ன செய்தாள், அந்த மனுஷன் உயிராவது மிஞ்சட்டும் என்று, கழுகின் பக்கம் இருந்து சம்பந்தி படத்தை மட்டும் நீக்கிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு என்னிடம் கேட்க வேண்டாம், லைப்ரரி அவளுடையது. போகும்போது என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. அதிலிருந்துதான் பொன்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போவதையே நிறுத்தினாள். அந்தப் பெண் என்னவோ பயம் காட்டிவிட்டாள் போலிருக்கிறது. நேற்றுத்தான் சத்தம் போட்டேன். நம்ம வீட்டுக் கொல்லைக்குப் போக என்ன பயம், துணி யார் காயப்போடுவது என்று.

கட்டுக்கு வருகிறேன், வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை. டீக்கடையில் நிற்கிறேன். சுடலை பக்கத்தில் நிற்கிறான், என் காசில் வடை தின்றுகொண்டு. ஒலிபெருக்கியில் என் குரல், என் சொந்தக் குரல் தம்பி: “தோப்பில் நிற்பவர் தங்கப்பழம். தோப்பில் நிற்பவர் தங்கப்பழம்.”

சுடலை என்னைப் பார்த்தான். நான் சுடலையைப் பார்த்தேன். “ஏலே, நான் இங்கதானல நிக்கேன், உன் கூடத்தானல நிக்கேன்” என்றேன்.

“சலூன்லயும் அப்படித்தான் சொன்னாங்க அண்ணாச்சி” என்றான். வடையைக் கீழே வைக்கவில்லை, ஒரு கையில் வடை, ஒரு கையில் தடி. முதல் அடி முழங்கைக்குக் கீழே. எலும்பு முறிந்த சத்தம் எனக்குப் பரிச்சயமாக இருந்தது, கரும்பு ஒடிக்கிற மாதிரி. விழுந்தேன். தடியன்கள் விலாவில் மிதித்தார்கள். டீக்கடைக்காரன் கொதிக்கிற பாலை எடுத்து ஊற்றினான், யார் மேல் என்று பார்க்கவில்லை, என் முதுகில் வழிந்தது. ஊர் முழுக்க நான் என் குரலிலேயே என்னைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், கீழே கிடந்து இல்லை இல்லை என்று கத்துகிறேன். எந்தத் தங்கப்பழத்தை நம்புவார்கள்? ஒலிபெருக்கியில் பேசுகிறவனைத்தானே?

சம்பந்தி வேலை. வேறு யார்? படுத்த இடத்தில் இருந்தே செய்வினை வைத்துவிட்டார். மெஷின் பொய் சொல்லாது, ஆனால் மெஷினுக்கும் ஏவல் வைக்க ஆள் இருக்கிறார்கள். நான் ஒன்றும் சும்மா விடவில்லை. இன்று விடியற்காலை, ஒற்றைக் கையால் தட்டித் தட்டி, கழுகிலிருந்து என் படத்தையும் நீக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இனி என் பெயரை அது எப்படிச் சொல்லும், சொல்லட்டும் பார்ப்போம். பைண்டிங்கில் கை வைக்கவில்லை. ஒரு வரி கூட மாற்றவில்லை. மடியில் இருக்கிற இந்தப் புதுப் பெட்டியிலும் அதே பைண்டிங்தான், மண்டபத்துக்காரர் கேட்டு வாங்கினது.

என்ன கேட்டீர்கள்? நான் போனால் யார் முதல் ஆளா? நல்ல கேள்வி, கவனமாகத்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அது பஸ் வரிசை மாதிரி. முன்னால் நிற்கிறவன் இறங்கினால் பின்னால் நிற்கிறவர் நகர்ந்துவிடுவார். எனக்கடுத்து மகள்தான். பொன்செல்வி. பிள்ளையும் அதே படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும், பார்த்தால் விடமாட்டீர்கள்.

ஏன் தம்பி, முகம் ஏன் இப்படிப் போயிற்று? பஸ் ஒத்துக்கொள்ளவில்லையா? ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். எதற்கு எழுந்திருக்கிறீர்கள், இங்கே நிறுத்தமாட்டான்.

இருங்கள், போன் அடிக்கிறது. மகள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினதிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறாள். வேறென்ன, பெட்டியைக் கழட்டு, பெட்டியைக் கழட்டு. அதே பாட்டு.

அணைத்து வைத்துவிடுகிறேன். மதுரை போய்ப் பேசிக்கொள்ளலாம்.